டாக்டரம்மாவுக்குக் கொடுத்த நல்ல எண்

மார்ச் 4, புதன்

வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நான்கு வருடமாக இடுப்பில் ஓர் ஆணி. பார்த்த டாக்டர்கள் எல்லாரும் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "எலும்பு சுத்தமா இருக்கே, வலிக்கக் காரணமே இல்லையே" என்றார்கள். ஏதோ நான் அவர்களிடம் பொய் சொல்லி மாட்டிக்கொண்ட மாதிரி. ஊசி, ஒட்டுப்பட்டை, வாயை உலர்த்தி மண்டையை மந்தமாக்குகிற மாத்திரை. கொரியாவின் சோசன் மன்னர்கள் காலத்து நில வரியைப் பற்றி வகுப்பில் நின்றபடியே இரண்டு மணி நேரம் பேசியவன் நான். நிற்க முடியவில்லை என்றதும் பல்கலைக்கழகத்தில் இருந்த தற்காலிக வேலையும் போனது. ஒரு காலத்தில் என் பையைத் தூக்கிக்கொண்டு வந்த ஷிம்தான் இன்று துறைத்தலைவர். சூசொக் அறுவடைப் பண்டிகைக்கு ஒரு பெட்டி பேரிக்காய் அனுப்பினான். பிரிக்கவில்லை. அப்படியே அழுகட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்று ஒரு மருத்துவமனை ஆய்வில் கையெழுத்துப் போட்டேன். மருந்தில்லை, கத்தியில்லை. நடை, பேச்சு, அவ்வளவுதானாம். கடைசிவரை இருந்து இந்தப் பித்தலாட்டத்தை ஒன்றுவிடாமல் பத்திரிகைக்கு எழுதப்போகிறேன். அதற்காகத்தான் இந்த நோட்டு.

நடத்துபவர் டாக்டர் பியோன் ஹேஜின். நாற்பது தாண்டியவர். செருப்பில் சேறு. "இது வேலை செய்யுமா?" என்று கேட்டேன்.

"தெரியாது சார். தெரிஞ்சிருந்தா உங்க நேரத்தை எதுக்கு வாங்கறேன்?"

இத்தனை வருடத்தில் 'தெரியாது' என்று சொன்ன முதல் டாக்டர். குறித்துக்கொள்கிறேன். தந்திரமாகவும் இருக்கலாம்.

மார்ச் 9

கணினி சீட்டுப் போட்டதில் எனக்கு நடைக்குழு. இன்னொரு குழுவுக்கு ஒரு சிறு புத்தகமும் வாரம் ஒரு தொலைபேசி அழைப்பும். மூன்று மாதத்துக்கு ஊசி, அக்குபங்சர், முதுகில் குவளை ஒட்டி உறிஞ்சுவது எதுவும் கூடாது என்று இரண்டு குழுவும் வாக்குக் கொடுத்தோம். எல்லாத் தலைகளும் வேகமாக ஆடின. வாராவாரம் வலிக்கு ஓர் எண் சொல்ல வேண்டும். சைபர் என்றால் வலியில்லை, பத்து என்றால் தாங்கவே முடியாது.

நாம்காங் ஆற்றங்கரையில் நடந்தோம். வலியைப் பார்த்து நடக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்த்து நடக்க வேண்டும். வலித்தாலும் ஆறு நிமிடம், வலிக்காவிட்டாலும் ஆறு நிமிடம். அடுத்த வாரம் ஏழு. குக் மான்சு என்று ஒருவர் எங்கள் குழுவில். காலமெல்லாம் லாரி ஓட்டி முதுகைக் கெடுத்துக்கொண்டு, இப்போது மகனின் நூடுல்ஸ் கடையில் பூண்டு உரிக்கிறார். நேரம் முடிந்த பிறகும் நடந்துகொண்டே போனார்.

"குக் ஐயா, நில்லுங்க."

"இன்னைக்கு நல்லா இருக்கே டாக்டரம்மா!"

"அதனாலதான் நில்லுங்கன்னு சொல்றேன். நல்லா இருக்கிற அன்னைக்கு ஓடித் தீர்த்துட்டு, அப்புறம் நாலு நாள் படுத்துக்கறதுதானே உங்க கதை?"

குக் அண்ணன் என் காதருகே, "என் பொண்டாட்டிக்குக்கூட நம்மளப் பத்தி இவ்ளோ தெரியாது" என்றார்.

என் கதையும் அதுதான். யாரும் கேட்டதில்லை.

மார்ச் 16

இன்று அவர் சொன்னது: பழைய வலி வீட்டு நாய் மாதிரியாம். என்றைக்கோ திருடனைப் பார்த்துக் குரைத்த நாய், இப்போது தயிர்ப்பானம் விற்கிற அம்மாவைப் பார்த்தும் குரைக்கிறது. "நாய் பொய் சொல்லல. பயந்துபோயிருக்கு. அந்த அம்மா தினமும் அதே நேரத்துக்கு வந்து போனா, ஒருநாள் தலையைத் தூக்கிப் பார்த்துட்டுப் படுத்துக்கும். படுத்துக்காமலும் போகலாம். அதைத்தான் பார்க்கப்போறோம்."

பொய் சொல்லவில்லை என்றார். இதை எழுதும்போது ஏன் என் கண் எரிகிறது? முட்டாள்தனம்.

மார்ச் 23

எண்: ஏழு. ஒன்றும் மாறவில்லை. ஷிம்மின் புதுப் புத்தகம் வந்திருக்கிறதாம்.

மார்ச் 30

மழை. யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்தேன். ஆனால் எல்லாரும் வந்திருந்தார்கள். டாக்டர் முன்னால் நடக்கவே மாட்டார். எப்போதும் கடைசியில், யார் மெதுவோ அவர் பக்கத்தில். இன்று அது நான். குடையை என் பக்கம் சாய்த்ததில் அவருடைய ஒரு தோள் முழுக்க நனைந்துவிட்டது. பேசவில்லை. ஆறுதல் சொல்லவில்லை. அதுதான் பெரிய விஷயம்.

ஏப்ரல் 6

எங்கள் எண்களை எழுதுகிற நர்ஸுக்கு யார் எந்தக் குழு என்று தெரியக் கூடாது. தெரிந்தால் அவளை அறியாமலே எழுத்து ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பது டாக்டரின் கட்சி. குக் அண்ணன் உள்ளே போனதும் வாசல்வரை கேட்டது: "ஆத்தங்கரையில நேத்து நான்தான் முதல்ல—" "ஐயா! சொல்லாதீங்க!" நர்ஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவந்துவிட்டாள்.

டாக்டர் கோபிக்கவில்லை. வேறொரு மாடியிலிருந்து ஒரு நர்ஸை வரவழைத்து, குக் அண்ணனை முதலிலிருந்து அளக்கச் சொன்னார். ஒரே ஒரு ஆளின் ஒரே ஒரு எண்ணுக்காக! என் துறையில் ஒரு அடிக்குறிப்பைச் சரிபார்க்கச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். பித்தலாட்டம் செய்கிறவர்கள் இப்படியா மெனக்கெடுவார்கள்?

ஏப்ரல் 17

நின்றுகொண்டே காலுறை போட்டேன். இரண்டு காலுக்கும். போட்ட பிறகுதான் கவனித்தேன்.

எண்: ஐந்து. ஆணி இருக்கிறது. ஆனால் நாள் முழுவதும் அதை யாரும் அடிப்பதில்லை.

மே 6

குக் அண்ணனுக்கு எட்டிலிருந்து மூன்று! எங்கள் குழுவின் கதாநாயகன். இது எப்படியோ நிர்வாகத்தின் காதுக்குப் போய், தொலைக்காட்சிக்காரர்களைக் கூட்டிவரப் பார்த்தார்கள். டாக்டர் ஆற்றங்கரையிலேயே அவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். "ஆய்வு முடியறவரைக்கும் இது நல்லது, கெட்டதுன்னு யாரும் சொல்லக் கூடாது. நானும்தான்."

பாராட்டி எனக்குப் பழக்கமில்லை. எப்படித் தொடங்குவது என்றுகூடத் தெரியவில்லை. அதனால் இப்படி எழுதி வைக்கிறேன்: இரண்டு மாதமாகக் குறை தேடுகிறேன். கிடைக்கவில்லை.

மே 17, ஞாயிறு

கிடைத்துவிட்டது. ஐயோ.

ஊர்ப் பொது வெந்நீர்க் குளியல்கூடத்தில் குக் அண்ணன். வழக்கமாக, "பேராசிரியரே, படிச்ச கையால என் முதுகைக் கொஞ்சம் தேய்ச்சு விடுங்க, புத்தி வரட்டும்" என்று தானே வருவார். இன்று என்னைப் பார்த்ததும் சுவரோடு ஒட்டிக்கொண்டு நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நடந்தார். வழுக்கித் தடுமாறினார். பிடித்தேன். முதுகு தெரிந்தது. கழுத்திலிருந்து இடுப்புவரை கருஞ்சிவப்பு வட்டங்கள். குவளை வைத்த தடம்.

"அண்ணே, என்ன இது?"

"சத்தம் போடாதய்யா." வெந்நீர்த் தொட்டிக்குள் தாடைவரை முங்கினார். "மருமக காசு சேர்த்து வெச்சுக் குவளை வைத்தியருக்குப் பணம் கட்டிட்டா. வேணாம்னா மூஞ்சி தொங்கிப்போகும். சரி ஒரு தடவைன்னு போனேன்."

"ஒரு தடவையா?"

"... வாராவாரம்."

"வாக்குக் கொடுத்தீங்களே!"

"அந்தப் பொண்ணு மழையில நனைஞ்சுக்கிட்டு நம்ம பின்னாடி நடக்குது. அதுக்கு நான் எட்டுன்னு சொல்றதா? ஒரு நல்ல நம்பர் குடுக்கணும்ல? நான் மட்டுமில்ல, நம்ம ஆய்வு ஆளுங்க இன்னும் சில பேர் அதே வைத்தியர்கிட்டதான் வர்றாங்க. வரிசையில உக்காந்து ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பார்க்க மாட்டோம்." பிறகு கெஞ்சினார். "வாயைத் திறந்துடாதீங்க பேராசிரியரே. அவ பொழப்பு போயிடும்."

அன்பினாலேயே ஒருவரை ஒழிக்க முடியும் என்று இன்றுதான் பார்த்தேன்.

மே 18

பத்திரிகைக்கு எழுத நான் காத்திருந்தது இதற்குத்தானே? தலைப்புகூடத் தயாராக இருந்தது. இன்று அதை அடித்துவிட்டேன்.

சொன்னால் டாக்டருடைய ஆய்வு உடையும். ஆற்றங்கரை நடையும் நிற்கலாம் — என் காலுறை, என் ஐந்து. சொல்லாவிட்டால் குக் அண்ணனின் மூன்று என்ற எண் அச்சேறும். எங்கோ ஒருவன் அதை நம்பி நடப்பான். குணமாகவில்லை என்றால் அவனிடமும் சொல்வார்கள்: வலிக்கக் காரணமே இல்லையே.

மே 20

டாக்டரிடம் சொல்லிவிட்டேன். பெயர் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

ஆறிப்போன வாற்கோதுமைத் தேநீரை முழுவதும் குடித்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது. பிறகு, "ரெண்டு குழுவையும் கேக்கணும்" என்றார்.

"கேட்டா உங்க ஆய்வு போயிடுமே, டாக்டர்."

"கேக்கலன்னா அது ஏற்கனவே போயிடுச்சு சார்." எழுந்து நின்று எனக்குக் குனிந்து வணக்கம் சொன்னார். எனக்கு. கடைசியாக யார் எனக்கு அப்படி வணக்கம் சொன்னார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். நினைவில்லை.

மே 22

எல்லாரையும் உட்கார வைத்தார். திட்டுவார் என்று எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தப்பு என்னோடது. பிள்ளைங்க பணம் கட்டிக் கூட்டிட்டுப் போறப்ப வேண்டாம்னு சொல்ல முடியாத ஊர்ல, முடியும்னு நெனச்சு உங்ககிட்ட வாக்கு வாங்கினேன். நானே எங்க அம்மாகிட்ட அப்படிச் சொன்னதில்ல. இப்ப உண்மையைச் சொல்லுங்க. யாரையும் வெளிய அனுப்ப மாட்டேன். உங்க எண்ணையும் தூக்கிப் போட மாட்டேன்."

குக் அண்ணன்தான் முதலில் கையைத் தூக்கினார். தூக்கியதோடு நிற்காமல், திரும்பி நின்று சட்டையையும் தூக்கிவிட்டார். ஒரு பெண்மணி சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்போடு அவர் கையும் மேலே போனது. பிறகு இன்னொன்று. பாதி அறை.

"ஏன் டாக்டரம்மா, அப்ப நெசமான நம்பரச் சொல்லட்டா?" என்றார் குக் அண்ணன். "ஆறு. கோவிச்சுக்காதீங்க."

"எட்டுல இருந்து ஆறா? நல்ல நம்பர்தான் ஐயா." டாக்டரின் குரல் உடைந்தது. அதை மறைக்கவும் இல்லை.

செப்டம்பர் 11

முடிவுகளை எங்களுக்குத்தான் முதலில் சொன்னார். நடந்தவர்களுக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது. குவளை வைத்தியத்தையும் கணக்கில் எடுத்தால் அது நடையால்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அப்படியே எழுதியிருக்கிறார். யார் மீதும் பழியில்லை. 'வாக்குறுதியை வடிவமைத்ததில் எங்கள் பிழை' என்று ஒரு முழுப் பத்தி. பிழையை முழுப் பத்தியில் எழுதிய அறிஞரை நான் பார்த்ததில்லை. நானும் எழுதியதில்லை.

"எனக்கு இப்ப அஞ்சுதான், அது பொய்யா?" என்று கேட்டேன். குரல் உயர்ந்துவிட்டது.

"உங்க அஞ்சு உங்களோடது சார், அதை யாரும் எடுத்துக்க முடியாது. ஆனா அது எல்லாருக்கும் வருமான்னு எனக்கு இன்னும் தெரியாது. இன்னொரு தடவை செய்யணும். இந்தத் தடவை யாரையும் தடுக்காம, எதை எல்லாம் செஞ்சுக்கறீங்கன்னு வெறுமனே கேக்கப்போறேன். நம்பர் கேக்கற நர்ஸும் என் ஆளா இருக்கக் கூடாது. உங்களுக்குப் பிடிக்காத யாராவது வேணும்."

"ஷிம்முன்னு ஒருத்தன் இருக்கான்" என்றேன். யாருக்கும் புரியவில்லை. பரவாயில்லை.

அக்டோபர் 14

மருத்துவமனை நிர்வாகக் குழு அடுத்த வாரம் கூடுகிறது. இரண்டாவது ஆய்வு வேண்டுமா, அந்தப் பணத்தில் ஒரு இயந்திரம் வாங்கலாமா என்று முடிவு செய்வார்கள். 'ஒன்றும் நிரூபிக்காத டாக்டர்' என்று அங்கே பேசிக்கொள்கிறார்களாம். அவர்களில் எவரும் மழையில் ஆற்றங்கரைக்கு வந்ததில்லை. எப்படித் தெரியும்?

அதனால் அவர்களுக்கு அனுப்ப, இந்த நோட்டிலிருந்து அவரைப் பற்றிய பக்கங்களைப் பிரதி எடுத்தேன். நடையால் குணமானது என்று ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. சேர்த்தால் டாக்டரே கோபிப்பார். அவர் என்ன செய்தார் என்பது மட்டும்.

நூடுல்ஸ் கடைக்குக் கொண்டுபோய்க் குக் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். பூண்டு உரித்தபடியே கேட்டார்.

"கீழ பேரு போடுங்க பேராசிரியரே. பேரு முத்திரையும் குத்துங்க."

"போட்டா படிக்க மாட்டாங்க அண்ணே. நாற்காலி சரியில்ல, ஊசி சரியில்ல, டாக்டருக்கு மரியாதை தெரியலன்னு வருஷா வருஷம் நான் அவங்களுக்கு எழுதியிருக்கேன். என் பேரைப் பார்த்தாலே 'அந்த ஆளா'ன்னு ஓரமா வெச்சிடுவாங்க."

"அப்ப என் பேரப் போடுங்க."

"நீங்க குவளை வெச்சுக்கிட்ட ஆளாச்சே."

"அதனாலதானய்யா சொல்றேன்!" என்று கத்தினார். மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவர் உடனே குரலைத் தாழ்த்தி, "சரி, என் பேரு வேணாம்" என்றார்.

பிரதியில் அவரை 'ஒரு முன்னாள் ஓட்டுநர்' என்று மாற்றிவிட்டேன். என் பெயருக்கான இடம் கீழே காலியாகத்தான் இருக்கிறது. படிக்கிறவர்கள் டாக்டரைப் பார்த்தால் போதும்.

உறையை ஒட்டியாயிற்று. பெயரில்லாமலே காலையில் தபாலில் சேர்க்கிறேன்.