கந்தோர் யாருடைய சொல்

செவ்வாய் இரவு. ஆம்ஸ்டர்டாம், தம்பி வீடு.

இந்த நகரத்தைப் பார்க்க எனக்குக் கிடைத்தது இன்று ஒரு நாள்தான். வாய்க்காலில் படகில் போகும்போது, பழைய கட்டடம் ஒன்றில் 'கந்தோர்' என்று டச்சுக்காரர் எழுத்தில் இருந்தது. "அலுவலகத்துக்கு மன்னாரில நாங்கள் சொல்லுற சொல்லடி" என்று தம்பியின் மகளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"இல்லைப் பெரியப்பா, அது எங்கட சொல். நீங்கள்தான் எடுத்தனீங்கள்."

எடுத்தது நாங்களாம்!

"அப்ப உங்கட ஆக்கள் எங்களை ஆண்ட காலத்தில சிலாவத்துறைக் கடலில அள்ளின முத்தைத் தரட்டும். சொல்லைத் திருப்பித் தாறன்." குரல் உயர்ந்துவிட்டது. அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

தம்பி சிரிக்கவில்லை. "மெல்லக் கதையுங்கோ அண்ணை, ஆக்கள் பாக்கினம்."

ஊரில், பாப்பாமோட்டை வயலில் நின்று அவன் கத்தினால் அடுத்த ஊருக்குக் கேட்கும். பிள்ளை இங்கே பிறந்தவள், 'எங்கட' என்று சொல்லிவிட்டுப் போகட்டும். இவனுக்கு என்ன வந்தது? படகை விட்டு இறங்கியதும், என்னைத் தெரியாதவன்போல் முன்னால் நடந்தான்.