பிரஸ்ஸின் கண்ணுக்கு வைத்த பொட்டு

சங்ககிரி
15.10.1986

பெங்களூரில் பயிற்சிக்குப் போயிருக்கும் சரவணமுத்து அண்ணனுக்கு, தங்கை வசந்தாமணி வணக்கத்துடன் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகம். செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. அங்கே குளிர் என்று எழுதியிருந்தீர்கள், அம்மா போர்வை எடுத்து வைத்திருக்கிறார்.

அண்ணா, நம் பட்டறையில் ஒரு தப்பு நடந்துவிட்டது. செய்தது நான்.

ஆயுத பூஜைக்கு எல்லா மெஷினுக்கும் சந்தனம், குங்குமம் வைக்கச் சொன்னார் உங்கள் கூட்டாளி தங்கசாமி அண்ணன். தகட்டை அழுத்தும் பிரஸ்ஸுக்கு நீங்கள் பொருத்திய கண்ணுக்கும் வைத்தேன். கை குறுக்கே போனால் வெளிச்சம் மறைந்து பிரஸ் நின்றுவிடும் என்று நீங்கள் காட்டியபோது நானும் பார்த்தவள்தான். ஆனாலும் அந்தக் கண்ணின் கண்ணாடி மேலேயே, நீங்கள் செய்த பொருள் என்று, பெரிய பொட்டாக வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலையில் பிரஸ் இறங்கவே இல்லை. நாம் அடித்துக் கொடுக்கும் கிளாம்புக்காக லாரிக்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். கந்தப்பன் மேஸ்திரி கண்ணுக்கு நீங்கள் வைத்த ஒயர் பெட்டியைத் திறந்து, இரண்டு திருகுக்கு நடுவே ஒரு ஒயரைப் போட்டார். பிரஸ் ஓடியது. "இஞ்சினியரு கண்ணு குருடாப் போச்சுங்க" என்று சிரித்தார். தங்கசாமி அண்ணன் சிரிக்கவில்லை. "மெஷின் வேலையும் கரண்டு வேலையும் ஒரே ஆளு பாத்தா இப்படித்தான். வரட்டும், களட்டி வீசிரலாம்" என்றார். அப்போதுதான் எனக்குப் பொட்டு ஞாபகம் வந்தது. மத்தியானம் யாரும் இல்லாதபோது துடைத்துவிட்டேன். ஒயர் அப்படியே இருக்கிறது. அது இருக்கும் வரைக்கும் கை குறுக்கே போனாலும் பிரஸ் நிற்காது.

பிரஸ் ஓட்டும் குப்பாயி அக்கா தன் அம்மா வீட்டிலிருந்து செவ்வாய்க்கிழமைதான் வந்து பிரஸ்ஸில் உட்கார்ந்தாள். கண் வேலை செய்யவில்லை என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. மிதியில் காலை வைத்தபடியே, அச்சில் ஒட்டிய தகட்டைக் கையை விட்டு எடுக்கிறாள். கண் வந்ததிலிருந்து அப்படிப் பழகிவிட்டாள். மெதுவாக என்று மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. "அட பயந்தாங்கொள்ளி, உங்கண்ணன் கண்ணு என்னையப் பாத்துக்கும், போ சாமி" என்றாள். சாயங்காலம் அச்சைத் துடைக்கும்போது அவளுடைய கண்ணாடி வளையல் துண்டு உள்ளே மாவாகிக் கிடந்தது. எங்கேயோ இடித்து உடைந்தது என்று அவள் நினைத்திருக்கிறாள்.

நானே ஒயரைப் பிடுங்கிவிடலாம் என்று பெட்டியைத் திறந்தேன். சிவப்பும் பச்சையும் கறுப்புமாக ஒரே சிக்கல். எது உங்களுடையது, எது மேஸ்திரியுடையது என்று தெரியவில்லை. மூடிவிட்டேன்.

இன்று, பிரஸ் பழக வேண்டும் என்று பொய் சொல்லி அவள் இடத்தில் நான் உட்கார்ந்தேன். தகட்டை இடுக்கியால் எடுக்கிறேன். மேஸ்திரி என்னை ஆமை என்கிறார். குப்பாயி அக்கா சனிக்கிழமை வரைக்கும் விட்டுக்கொடுத்திருக்கிறாள். "திங்கக்கெழமை எம்பட எடத்தக் குடுத்துரோணும்" என்று சொல்லிவிட்டாள்.

வாயைத் திறந்து சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். டீச்சர் பெயர் கேட்டாலே குரல் வராமல் நின்று, அப்படியே எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். சொன்னால் உங்கள் கண்ணைக் கெடுத்தது உங்கள் தங்கைதான் என்றாகும். சொல்லாவிட்டால் குப்பாயி அக்கா கை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடுங்கள். லீவு கிடைக்காவிட்டால் எந்த ஒயரைப் பிடுங்க வேண்டும் என்று தந்தி கொடுங்கள். இரண்டும் இல்லையென்றால், திங்கட்கிழமை அவள் உட்காருவதற்கு முன்னால் நானே சொல்லியாக வேண்டும். அந்த நேரத்தில் எனக்குக் குரல் வரவேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள்.

எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நாள் முழுக்க இடுக்கி பிடித்ததுதான். இரண்டு கையும் முழுசாக இருக்கின்றன.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
வசந்தாமணி