நீலச் சீட்டு ஒட்டிய சொரிசோ

அக்கா,

இன்று காலை ஃபிரிட்ஜைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் வந்து மோதியது. வினிகர், பூண்டு, காய்ந்த மிளகாய், அதற்கு அடியில் பன்றிக் கொழுப்பு. கோவாவிலிருந்து நேற்று வந்து இறங்கிய புது இன்ஜினியர் கொண்டுவந்த சொரிசோ அது. செபமாலை மணிகள் மாதிரி நூலில் வரிசையாகக் கட்டிய சிவப்பு சாசேஜ், செய்தித்தாளில் சுற்றி மேல்தட்டில் கிடந்தது. நான்கு வருஷமாக இந்த கெஸ்ட் ஹவுஸுக்குள் யாரும் அதைக் கொண்டுவந்ததில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். ஃபிரிட்ஜ் கத்த ஆரம்பித்த பிறகுதான் சாத்தினேன்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் இங்கே சேர்ந்தோம். ஒரகடம் கம்பெனிகளில் மெஷின் மாட்ட வருகிற இன்ஜினியர்களுக்குச் சமைத்துப் போடுகிற வேலை. நீ வாலாஜாபாத் பக்கத்துக் கிராமத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாய். நான் புருஷன் போன பிறகு தூத்துக்குடியிலிருந்து மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவள். சமையல்கட்டுக்குப் பின்னால் இருந்த அறையிலேயே எங்கள் குடித்தனம். என்னைவிட மூன்று வயது மூத்தவள் என்று உன்னை ‘நீங்க’ போட்டுப் பேசினேன். “இன்னாடி, நீங்க வாங்கன்னுகினு? நான் இன்னா உன் மாமியாரா?” என்று முதல் நாளே அதட்டினாய். அன்றிலிருந்து ‘நீ’தான்.

சொரிசோவை முதலில் நமக்குக் காட்டியவர் அந்த ஸ்பெயின்காரர், ஞாபகம் இருக்கிறதா? பெட்டியிலிருந்து கட்டை மாதிரி ஒன்றை எடுத்து, தோலை உரித்து, மெல்லிசாக நறுக்கி, அடுப்பில் காட்டாமலே வாயில் போட்டார். பச்சைப் பன்றிக்கறியை மனுஷன் தின்கிறாரே என்று எனக்குக் குமட்டியது. வாயைத் திறந்து கேட்கத் தைரியம் இல்லை. இங்கிலீஷ் என்றாலே நான் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவேன். நீ நேரே போய் நின்றாய். “சார், நோ ஃபயர்? ஸ்டொமக் ஓகே?” என்றாய். அவர் சிரித்துவிட்டு, போனில் படம் காட்டி, கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். உப்பும் மிளகாயும் சேர்த்து வாரக்கணக்கில் தொங்கவிட்டுப் பதப்படுத்தியதாம், அதனால் வேகவைக்க வேண்டாமாம். ஆனால் எல்லாச் சொரிசோவும் அப்படி இல்லை, மெக்சிகோவில் இதே பெயரில் விற்பது பச்சைக் கறி, அதைக் கட்டாயம் சமைக்கவேண்டும் என்றும் சொன்னாராம். எனக்கு ஒரு துண்டு கொடுத்தாய். நான் தொட்டியில் துப்பினேன். நீ இரண்டு துண்டு தின்றுவிட்டு, “கருவாட்ட அப்டியே துண்ற மாரி கீதுடி” என்றாய்.

அன்று கிளம்பியதுதான் உன் சீட்டு யோசனை. உன் வீட்டுக்காரர் வேலை பார்த்த பார்ட்ஸ் கம்பெனியில் நல்ல பார்ட்டுக்கு ஒரு கலர், கழித்ததற்கு ஒரு கலர் என்று ஸ்டிக்கர் ஒட்டுவார்களாம். நீ ஸ்ரீபெரும்புதூரில் ஒரு ஸ்டேஷனரிக் கடையில் நீலமும் சிவப்புமாக வாங்கிவந்தாய். விருந்தாளிகள் கொண்டுவரும் எதுவானாலும் ஒரு சீட்டு. நீலம் என்றால் நேரே தட்டுக்கு. சிவப்பு என்றால் அடுப்புக்கு. அதற்கு ஒரே ஒரு சட்டம் வைத்தாய்: “கொண்டாந்தவனக் கேக்காம சீட்டு ஒட்டாத.” இதில் என்ன பெரிய கஷ்டம் என்று யாரும் கேட்கலாம். வாய் வராதவளுக்குத்தான் தெரியும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உன் தம்பி வீட்டில் ஞானஸ்நானம். சாயங்காலம்தான் வருவேன் என்று சொல்லியிருந்தாய். காலையில் ஒரு கோவாக்காரர் ஊரிலிருந்து வந்து, சொரிசோச் சரத்தை ஃபிரிட்ஜின் மேல்தட்டில் வைத்தார். மேல்தட்டு எல்லாருக்கும் பொது. வைத்துவிட்டு என்னைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ நீளமாகச் சொன்னார். “யெஸ் சார்” என்று தலையாட்டினேன். அவர் ஷிஃப்டுக்குப் போய்விட்டார். அவர் என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது அக்கா. விரலால் அமுக்கிப் பார்த்தேன். வெயிலில் காய்ந்து மேலே இறுக்கமாக இருந்தது. அதே சிவப்பு, அதே பெயர். நீலச் சீட்டை எடுத்து ஒட்டினேன்.

நீ பட்டுச்சேலையோடு நேரே சமையல்கட்டுக்கு வந்தாய். இரண்டு பேர் டிவியில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டு, கொறிக்க ஏதாவது வேண்டும் என்று கேட்டார்கள். நீ ஃபிரிட்ஜைத் திறந்து சரத்தை எடுத்தாய். சீட்டைப் பார்த்தாய். “கேட்டியாடி?” என்றாய்.

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை. “ம்” என்றேன்.

உன் கையால் மெல்லிசாக நறுக்கி, தட்டில் வட்டமாக அடுக்கி, எலுமிச்சைத் துண்டு வைத்துக் கொடுத்தாய். மறுநாள் காலைக்குள் இரண்டு பேருக்கும் வாந்தியும் பேதியும். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறியது. டாக்டர், வேகாத பன்றிக்கறி என்றார். கோவாக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். அது மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே பச்சைதான், தண்ணீரில் போட்டு நன்றாக வேகவைத்து வெங்காயத்தோடு வதக்கித்தான் சாப்பிடவேண்டும் என்று அவர் சொன்னதை மேனேஜர் தமிழில் சொன்னார்.

மேனேஜர் நம் இருவரையும் நிற்கவைத்துக் கேட்டார். “யார் குடுத்தது?”

“நான்தான் சார்” என்றாய்.

“சீட்டு ஒட்டியிருந்துச்சா?”

“நான் ஒண்ணியும் பாக்கல சார். அவசரத்துல அறுத்துட்டேன்.”

மேனேஜர் சரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சீட்டு இல்லை. நான் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். ஈரத்தில் எங்கேயோ உதிர்ந்து விழுந்திருக்கும் என்று நினைத்தேன். அக்கா, உன்னிடம் இனி எதை மறைக்க? அந்த நேரத்தில் எனக்கு வந்தது வருத்தமில்லை. அப்பாடா என்றுதான் இருந்தது.

அன்றே உன்னை அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம், இந்த கெஸ்ட் ஹவுஸை நடத்துகிற கம்பெனி, ஃபேக்டரி வழக்கப்படி ஒரு தாள் அடித்து, லேமினேட் செய்து, அடுப்புக்கு மேலே சுவரில் ஒட்டியது. மூன்று கட்டம். என்ன நடந்தது. ஏன் நடந்தது. இனி என்ன செய்யவேண்டும். நடுக்கட்டத்தில் உன் முழுப் பெயர், அதற்குப் பக்கத்தில் ‘கவனக்குறைவு’. நான்கு வருஷம் அந்தத் தாளுக்குக் கீழேதான் நின்று சமைத்தேன். எண்ணெய்ப் பிசுக்கு ஏறினால் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். துடைத்ததும் உன் பெயர் பளிச்சென்று தெரியும்.

நீ வல்லக்கோட்டையிலும் ஒரகடத்திலும் எத்தனை சமையல்கட்டு வாசலில் போய் நின்றாய் என்று பிறகு தெரிந்தது. உள்ளே விடுவதற்கு முன்பே, “பச்சக் கறி போட்ட அம்மாவா?” என்று கேட்டார்களாம். கடைசியில் ஒரு ஃபேக்டரி கேன்டீனில் தட்டுக் கழுவச் சேர்ந்தாய். அடுப்புப் பக்கம் விடவில்லை. ரசம் தாளித்தால் தெருமுனை வரைக்கும் மணக்கவைக்கிற கை அது.

போன தவக்காலத்தில் ஆஸ்பத்திரிக்கு வந்து உன்னைப் பார்த்தேன். பாதியாக இளைத்திருந்தாய். என் மகள் நர்சிங் சேர்ந்ததைச் சொன்னேன். சிரித்தாய். பிறகு, ஏதோ பஸ் நேரம் சொல்வதுபோல, “அந்த நீல சீட்டு கீதே, அத்த நான்தான்டி கிழிச்சி அடுப்புல போட்டேன்” என்றாய். “எனக்கு சாஞ்சிக்க ஒரு வூடு இருந்துச்சு. உனக்கு இன்னா இருந்துச்சு? பொண்ண இஸ்துகினு எங்க போவ?” என்றாய். கண்ணை மூடிக்கொண்டாய். “ஆனா கேட்டேன்னு சொன்ன பாரு. அதுதான்டி.”

மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். நான் கேட்டது, “தண்ணி வேணுமாக்கா?” நீ வேண்டாம் என்று தலையாட்டினாய். ஒன்பதாம் நாள் போன் வந்தது.

இப்போது இன்று காலைக்கு வருகிறேன். செய்யாறு பக்கத்துப் பெண் ஒருத்தி புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். ஃபிரிட்ஜில் இருந்த சரத்தைப் பார்த்து, “இத அப்படியே சாப்பிடலாமா, வேக வெக்கணுமா?” என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் புது மேனேஜர் சுவரைக் காட்டினார். “அதப் படிம்மா முதல்ல. இங்க ஒரு அம்மா இருந்துச்சாம். கொஞ்சம்கூடப் பொறுப்பில்லாம ரெண்டு பேரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடுச்சாம்.” அந்தப் பெண் எட்டி நின்று எழுத்துக் கூட்டி, உன் பெயரைச் சத்தமாகப் படித்தாள்.

உன்னைப் பார்த்தே இராதவள் அக்கா. அவளுக்கு நீ அவ்வளவுதான்.

“அது அவ இல்ல சார்” என்றேன். “நீலச் சீட்டு ஒட்டுனது நான். கேக்காமலே கேட்டேன்னு சொன்னவ நான்.” மேனேஜர் போனிலிருந்து தலையைத் தூக்கினார். “எதுக்கும்மா இப்ப பழைய கதை?” என்றார். “எனக்குப் பழைய கதை இல்ல சார்” என்றேன். குரல் நடுங்கியது, ஆனால் வந்தது. ஆபீஸுக்குச் சொல்லியாகவேண்டும், என் வேலை போனால் தான் பொறுப்பில்லை என்றார். சொல்லுங்கள் என்றேன். அவர் போய்விட்டார். இதை எழுதும் வரைக்கும் பதில் வரவில்லை.

பிறகு மாடிக்குப் போய்ப் புது இன்ஜினியரின் கதவைத் தட்டினேன். “சார், சொரிசோ. குக்? நோ குக்?” பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். “குக், குக். ஃபுல் குக், அம்மா” என்றார். இவ்வளவுதான் அக்கா. இவ்வளவுதான் அன்றைக்கும் இருந்தது.

கீழே வந்து சிவப்புச் சீட்டு ஒட்டினேன். ஸ்டூல் போட்டு ஏறி, சுவரிலிருந்த தாளை எடுத்தேன். லேமினேஷனைப் பிரித்து, உன் பெயரை மை போட்டு முழுசாக அடித்தேன். ‘கவனக்குறைவு’ என்பதையும் அடித்துவிட்டு, ‘கேட்காமலே கேட்டதாகச் சொன்னது’ என்று எழுதினேன். பக்கத்தில் என் பெயர், என் அப்பா பெயர். மறுபடி அதே இடத்தில் ஒட்டினேன். அந்தப் பெண் கீழே நின்று பசை டப்பாவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். “அந்த அம்மா இப்ப எங்க கீறாங்க?” என்று கேட்டாள்.

கல்லறைத் திருநாளுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் அக்கா. இதுவரை உனக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, முகம் காட்டாமல் திரும்பிவிடுவேன். இந்தத் தடவை கொஞ்ச நேரம் உட்காருவேன்.