வெற்றுத்தாளில் ஒரு கையெழுத்து

கருக்களாச்சேரி
3.9.2024

அன்புள்ள மாமாவுக்கு,

வெண்மதி எழுதுவது. நான் நலமில்லை. உங்கள் நலம் அறிய இப்போதைக்கு ஆவலும் இல்லை. போனில் கேட்டால் ‘சிக்னல் இல்லை’ என்பீர்கள். அதனால்தான் நீங்கள் மீன்பிடிக்கப் போகிற போட்டின் கொச்சித் துறைமுக ஆபீசுக்கு இந்தக் கடிதம்.

ஒரு வருஷமாக நான் படுகிற பாடு உங்களுக்குத் தெரியும். மாதத்தில் பாதி நாள் உதிரப்போக்கு. சந்தையில் மீன் விற்க உட்கார்ந்த இடம் நனைந்தால், மீன் தண்ணீர் என்று சொல்லிச் சமாளித்தேன். கர்ப்பப்பையில் இரண்டு கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தது. புற்று இல்லை, சாதாரணக் கட்டிதான். உங்கள் அண்ணன் டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கட்டியை எடுக்கப் போகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

பச்சை அங்கியை மாட்டி உட்கார்ந்திருந்தபோது நர்சம்மா ஒரு தாளைக் காட்டினாள். “என் மனைவியின் கர்ப்பப்பையை எடுக்கச் சம்மதம்.” எழுத்து உங்கள் அண்ணனுடையது. கீழே கையெழுத்து உங்களுடையது!

கடலுக்குப் போகிறவர்கள், மீனவர் சங்கத்துக்கும் ரேஷனுக்கும் இருக்கட்டும் என்று வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டு வீட்டில் கொடுத்துப் போவது நம் ஊர் வழக்கம். என் வயிற்றுக்குமா அந்தத் தாள்?

கேட்டதற்கு உங்கள் அண்ணன் சொன்னார்: “ஏழு வருஷமா காலியாக் கெடக்குற பைதானே, எடுத்தா என்ன?” அங்கியைக் கழற்றி எறிந்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரிந்து நடந்ததா? உண்மையை எழுதுங்கள்.

வெண்மதி

கொச்சி
14.9.2024

அன்புள்ள மதிக்கு,

கோபப்படாதே. அண்ணன் போனில் கேட்டது உண்மைதான். வலை இழுக்கிற நேரம். “நீங்க பாத்துச் செய்யுங்கண்ணே” என்று சொன்னேன், அவ்வளவுதான். அவர் எனக்குத் தகப்பன் மாதிரி. நம் நல்லதுக்குத்தான் செய்வார். உன் உயிர் எனக்குப் பெரிது, பிள்ளை இல்லாவிட்டால் போகிறது.

சத்து மாத்திரை சாப்பிடு. கூடை தூக்காதே. இதை வெளியில் சொல்லி அண்ணன் மானத்தை வாங்கிவிடாதே. தீபாவளிக்கு வருகிறேன், அதுவரை ஒன்றும் செய்ய வேண்டாம்.

உன்
தமிழ்வேந்தன்

கருக்களாச்சேரி
8.10.2024

மாமாவுக்கு,

உங்கள் அண்ணன் மானத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. என் உடம்புக்கு ஆனதைச் சொல்கிறேன்.

என்னோடு மீன் விற்கிற பட்டினத்துக் கல்யாணசுந்தரிக்கும் இதே கட்டி இருந்ததாம். அவளே என்னைப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். டாக்டரம்மா ஸ்கேனைப் பார்த்துவிட்டு, பையை எடுக்க வேண்டியதில்லை, துளை போட்டுக் கட்டியை மட்டும் எடுக்கலாம் என்றார்கள். வீட்டுக்காரர் கையெழுத்து இல்லையே என்று நான் தயங்கினேன். “வயிறு உங்களோடதுதானே? நீங்க போடுங்க” என்றார்கள். பேனாவை வாங்கினேன். போட்டேன்.

வயிற்றில் நாலே நாலு சின்னத் துளை. கட்டி இரண்டும் போய்விட்டது, பை அதனிடத்தில் இருக்கிறது. மூன்றாம் நாள் வீடு வந்துவிட்டேன். கட்டி திரும்ப வரவும் கூடும், பிள்ளைக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார்கள். என்னிடம் கேட்டு, என்னிடமே சொன்னார்கள். ஏழு வருஷத்தில் நீங்கள் அதைச் செய்ததில்லை.

உங்கள் அண்ணனிடம் இன்னும் ஒரு தாள் மிச்சம் இருந்தது. அவர் வீட்டு வாசலில் நின்று கேட்டேன், எடுத்துக் கொடுத்துவிட்டார். இந்தக் கடிதத்தை அதில்தான் எழுதுகிறேன். அடியில் பாருங்கள், உங்கள் கையெழுத்துதான். மேலே யார் எதை எழுதினாலும் அது உங்கள் சம்மதம் என்பதுதானே நம் வீட்டுச் சட்டம்? நானும் எழுதுகிறேன். ஜெராக்ஸ் என்னிடம் இருக்கும்.

“என் மனைவியின் உடம்பைப் பற்றி அவளைக் கேட்காமல் இனி யாரிடமும் வாய் திறக்க மாட்டேன். தீபாவளியானாலும் பொங்கலானாலும், அவளாகக் கூப்பிடும்வரை அவள் வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன். இதற்கு எனக்கு முழுச் சம்மதம்.

இப்படிக்கு,
மு. தமிழ்வேந்தன்”