குழலில் பொறித்திருந்த வருடம்

அன்புள்ள சின்னவனுக்கு,

இங்கே என் முட்டியைத் தவிர எல்லோரும் நலம். அங்கே நீயும் நலம் என்று நானாகவே எண்ணிக்கொள்கிறேன், நீ எழுதினால்தானே நிச்சயமாகத் தெரியும். இந்தக் கடிதத்தை உன் கப்பல் கம்பெனியின் துறைமுக அலுவலகத்துக்குத்தான் அனுப்புகிறேன், எந்தத் துறைமுகத்தில் உன் கைக்கு வருமோ தெரியாது. மாடி அறைக்குக் குடி வந்திருக்கும் பல் டாக்டர் நல்ல மனிதர், ஆனால் குழாயைச் சரியாக மூடுவதில்லை, சொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் படுத்திருக்கிறேன். அக்கா வாரம் ஒரு முறை வந்து அலமாரிகளைத் திறந்து பார்த்து, ஏம்மா இதையெல்லாம் இன்னும் வச்சிருக்கே என்று கேட்டுவிட்டுப் போகிறாள். உனக்கு இயந்திர அறையில் காது அடைக்கிறது என்று போன வருடம் எழுதியிருந்தாய், பஞ்சு வைத்துக்கொள்கிறாயா? முக்கியமான சங்கதியைக் கடைசியில் சொல்லும் வழக்கம் எனக்குக் கிடையாது, அப்படியிருந்தும் இதை எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன். அப்பாவின் ரிவால்வர் இப்போது நம் வீட்டில் இல்லை.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பேச்சு குழறத் தொடங்கிய பிறகு தெளிவாகச் சொன்ன கடைசி வாக்கியம் அதைப் பற்றித்தான் என்று உனக்கு முன்பே எழுதினேன். அது சின்னவனுக்கு, வேற யாரும் தொடக் கூடாது என்றார். நீ அவர் பேச்சை மீறிக் கப்பலுக்குப் போன நாளிலிருந்து உன் பெயரை வாயால் சொல்லாத மனிதர், அன்று சின்னவன் என்று சொன்னார். அதனால் அந்த இரும்பு எனக்கு வெறும் இரும்பாக இல்லை. ஆனால் உரிமம் அவர் பெயரில் இருந்தது, அவரோடு அதுவும் முடிந்தது. ஆயுத உரிம அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு முன் செய்யப்பட்டதாக இருந்தால் அது பழம்பொருள், வாரிசு வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பின் செய்யப்பட்டதாக இருந்தால் புது உரிமம் வேண்டும், இல்லாவிட்டால் ஒப்படைக்க வேண்டும், அவர்கள் அறுத்துப் போட்டுவிடுவார்கள். புது உரிமத்துக்கு நீ நேரில் வந்து நிற்க வேண்டும், நீயோ நடுக்கடலில் இருந்தாய். என் வயதுக்கு என்னை நம்பி எவரும் துப்பாக்கி தரமாட்டார்கள், நானும் அதைக் கேட்டு வாங்கிக்கட்டிக்கொள்ள விரும்பவில்லை.

இந்த இடத்தில்தான் என் படிப்பு குறுக்கே வந்தது. அது இருந்த பெட்டியைத் திறந்து மேஜைமேல் வெள்ளைத் துணி விரித்து, அப்பா வரைபடத்துக்கு வைத்திருந்த, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியால் அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். குண்டு எதுவும் இல்லை, பயப்படாதே. குழலின் மேல் முதுகில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி, அதன் முடிவில் 1884. கான்வென்டில் சிஸ்டர்கள் பொடி எழுத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று எங்களுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள், அதனால் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அலுவலகத்துக்கு நானே போய், செய்யப்பட்ட வருடம் என்ற இடத்தில் 1884 என்று எழுதினேன். அங்கே இருந்த இளம் அலுவலர், கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும்மா, இப்படி எழுதுறவங்களை இப்ப எங்க பார்க்க முடியுது என்றார். இன்னும் ஒரு முத்திரைதான் பாக்கி, அதற்கப்புறம் உங்க மகன் வந்து தாராளமா எடுத்துக்கலாம் என்றார். அன்று வீடு திரும்பும்போது முட்டி வலிக்கவில்லை.

அதோடு நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நீ வந்து வாங்கிக்கொள்ளும்போது எந்த ஊரில் செய்தது, எந்த ரகம் என்று ஒரு விவரமும் குறையாமல் இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். பழைய துப்பாக்கிகளை இனம்கண்டு வருடம் சொல்லும் மதிப்பீட்டாளர் ஒருவர் நீதிமன்றத் தெருவில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அலுவலகத்தில் அனுமதித் தாள் வாங்கிக்கொண்டு பெட்டியோடு போனேன். அவரை எல்லோரும் பூதக்கண்ணாடி என்றுதான் சொல்கிறார்கள், முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள், அவருக்கும் அதில் சந்தோஷம். முன்பு வக்கீலாக இருந்தவர், ஒரு வார்த்தை போதும் என்கிற இடத்தில் ஒன்பது போடுவார். அறை முழுக்கக் கண்ணாடி அலமாரி, எண்ணெய் வாசனை, ஒவ்வொரு துப்பாக்கியின் கழுத்திலும் ஒரு சின்ன அட்டை. நம்முடையதைக் கையில் எடுத்ததுமே ஆகா, இது நடுவில் மடிந்து திறக்கிற ரகம், கருநீலப் பூச்சு கொஞ்சம்கூட உரியலையே, யாரு வச்சிருந்தது, ரொம்ப ஒழுங்கான ஆளா இருக்கணும் என்றார். என் கணவர் என்றேன். 1884இல் செய்தது என்றும் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார் பார், அந்தச் சிரிப்பை நான் மறக்கமாட்டேன். அம்மா, சோப்பு டப்பா மேல கம்பெனி ஆரம்பிச்ச வருஷம் போட்டிருக்கு, அதுக்காக அந்த வருஷத்துச் சோப்பாலயா குளிக்கிறீங்க என்று கேட்டார்.

அது அந்தத் துப்பாக்கி பிறந்த வருடம் இல்லையாம். மடிந்து திறக்கிற அந்த அமைப்பு எங்களுடையது, வேறு யாரும் செய்யக் கூடாது என்று அந்தக் கம்பெனி காப்புரிமை வாங்கிய வருடமாம். அதற்குப் பிறகு எத்தனையோ வருடம் செய்த எல்லாவற்றிலும் அதே வரியைத்தான் குத்தினார்களாம். வீட்டில் கிடைத்த துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வருகிற பத்துப் பேரில் எட்டுப் பேர் இந்தத் தப்பைத்தான் செய்றாங்க, அதுவும் நல்லாப் படிச்சவங்கதான் செய்றாங்க, படிக்காதவங்க அந்த வரியைப் பார்க்கிறதே இல்ல என்று சொல்லி அதற்கும் தானே சிரித்துக்கொண்டார். பிறகு பிடியின் அடியில் இருந்த வரிசை எண்ணைப் பார்த்தார், அதே எண் குண்டு போடும் உருளையிலும் இருந்தது. பிடியில் பக்கத்துக்கு ஒன்றாக இருந்த மரப் பலகைகளைக் கழற்றி அவற்றின் உட்புறத்திலும் அதே எண் இருப்பதைக் காட்டினார். எதையும் மாத்தல, பொறந்தபடியே இருக்கு, ரொம்ப அபூர்வம் என்றார். சரி, வருடம் என்ன என்றேன். கம்பெனியின் பதிவுகள் தீயில் போய்விட்டன, இதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை வைத்துப் பார்த்தால் 1896க்கும் 1904க்கும் நடுவில் என்றார். ஒரு வருடத்தைக் கேட்டால் ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போய் வருகிற காலத்தைச் சொல்கிறீர்களே என்று எரிந்து விழுந்தேன். ஏறத்தாழதான்மா சொல்ல முடியும், கடவுளே வந்தாலும் ஏறத்தாழதான் என்றார். அலுவலகத்துக்காரர்கள் கோடு போட்டிருக்கும் தொள்ளாயிரம் அந்த ஏறத்தாழவுக்கு நட்டநடுவில் நிற்கிறது.

இன்னொன்றும் சொன்னார். கழற்றிய பலகைகளை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தவர், உங்க வீட்டுக்காரர் இடது கைக்காரரா என்று கேட்டார். இல்லவே இல்லை, வலது கையால் நாற்பது வருடம் சர்வே ஆபீஸில் கோடு இழுத்தவர் என்றேன். அப்ப இதைப் பாருங்க என்று வலப்பக்கப் பலகையை நீட்டினார், மேல் ஓரத்தில் மரம் தேய்ந்து வழவழவென்று ஒரு சின்னப் பள்ளம். வலது கையால் பிடித்தால் கட்டைவிரல் இடப்பக்கம் வருமாம். வலப்பக்கம் தேய்ந்திருந்தால் இடது கையில் பிடித்திருக்க வேண்டுமாம், அதுவும் பல வருடம். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் பிள்ளைகள் வரக் கூடாது என்று கதவைத் தாழிட்டுக்கொண்டு அப்பா அதைத் துடைப்பாரே, அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம்தான் நான் எப்போதும் இருந்தேன். இடது கையில் பென்சில் பிடித்ததற்காக உன் விரல் கணுவில் ஸ்கேலால் தட்டிய மனிதர் அவர். சின்ன வயதில் அவர் கையையும் யாராவது அப்படித் தட்டியிருப்பார்களா? தேய்த்தது அவரா, அதற்கு முன் வைத்திருந்த உன் தாத்தாவா என்று பூதக்கண்ணாடியிடம் கேட்டேன். மரம் அதைச் சொல்லாதும்மா என்றார், அப்போது அவர் சிரிக்கவில்லை.

பிறகு நடந்ததற்கு அக்கா என்னோடு இன்னும் சரியாகப் பேசுவதில்லை. பூதக்கண்ணாடி எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுத் தாளையும் துப்பாக்கிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் புறப்பட்டேன். அக்கா வாசலில் மறித்துக்கொண்டு, யாரும்மா இப்ப உன்னைக் கேட்டாங்க, உன் கணக்கு வாத்தியார் வேலையைத் தம்பி விஷயத்துலயாவது கொஞ்சம் நிறுத்தேன் என்று கத்தினாள். அந்த இளம் அலுவலரும் தாளைப் படித்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அதை மடித்து என் பக்கமே தள்ளினார். அம்மா, நீங்க எழுதினதை நாங்க ஏத்துக்கிட்டாச்சு, இதை நான் பார்க்கல, வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க என்றார். என் பிள்ளை வயதுதான் அவருக்கும். நான் எடுத்துக்கொள்ளத்தான் கை நீட்டினேன், உண்மையாகச் சொல்கிறேன். ஆனால் அந்த விண்ணப்பத்தின் கீழே எனக்குத் தெரிந்தவரை இது உண்மை என்று ஒரு வரி இருக்கிறது, அதன் அடியில் என் கையெழுத்து. எழுதியபோது அது உண்மை. இப்போது எனக்கு வேறு தெரியும். அந்த ஒரு வரியைத் தாண்டி என் கை போகவில்லையப்பா. இது நேர்மை என்று நீ என்னைப் புகழ வேண்டாம், இது ஒரு நோய் மாதிரி, அப்பாவும் சொல்வார். 1884ஐ அடித்துவிட்டு 1896க்கும் 1904க்கும் நடுவில் என்று எழுதினேன். அலுவலர் பெருமூச்சு விட்டார். சந்தேகம் வந்தால் தொள்ளாயிரத்துக்கு முன்னால் செய்தது என்று எடுத்துக்கொள்ளச் சட்டம் விடாதாம். மேலதிகாரியைப் பார்த்தேன், நீ வரும்வரை பெட்டியில் பூட்டி வைக்க முடியுமா என்று கேட்டேன். விதி இல்லை என்றார். அறுக்கும்போதாவது கூட நிற்கட்டுமா என்றேன், அதற்கும் விதி இல்லை. ஒன்றும் செய்ய முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அந்த இளம் பிள்ளைதான் உள்ளே போய் ஒரு திருப்புளியோடு வந்து, மரக்கட்டைக்குச் சட்டம் இல்லம்மா என்று சொல்லி இரண்டு பலகைகளையும் கழற்றிப் பழைய செய்தித்தாளில் சுற்றி என் மடியில் வைத்தார். மற்றது போன வெள்ளிக்கிழமை அறுக்கப்பட்டுவிட்டது.

அவைதான் இந்தக் கடிதத்தோடு வரும் பொட்டலத்தில் இருக்கின்றன. அப்பா உனக்கென்று சொன்னதில் என்னால் காப்பாற்ற முடிந்தது இவ்வளவுதான். கோபப்பட்டால் கோபத்தோடாவது எழுது. எண்ணெய் போடாதே, சுரண்டாதே, இயந்திர அறைச் சூட்டில் வைக்காதே. பஞ்சை மறக்காதே, ஈரச் சட்டையோடு படுக்காதே. நீ போகும் கடலெல்லாம் உனக்கு அமைதியாக இருக்கட்டும், கடவுள் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும். யாரும் இல்லாதபோது இரண்டு பலகைகளையும் முன்பு இருந்த மாதிரி சேர்த்து இடது கையில் பிடி. உன் கட்டைவிரல் அந்தப் பள்ளத்தில் உட்காருகிறதா என்று பார்த்து எனக்கு எழுது. சரியாக எழுது, ஏறத்தாழ வேண்டாம்.

இப்படிக்கு,
உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அம்மா