சந்து முனையில் ஒரு சிவப்புக் கட்டம்

மே 5, செவ்வாய்

காலை ஒன்பதுக்கே மண்டை காய்கிறது. குடையை ஆட்டோவில் விட்டுவிட்டேன். இந்த வருஷம் இரண்டாவது குடை.

திருவொற்றியூர் சந்தில் இன்று ஆறு வீட்டுத் தெர்மாமீட்டரையும் சரிபார்க்கும் வேலை. இரண்டில் பேட்டரி காலி. சந்துக்குள் சூடு எங்கே தேங்குகிறது, எதை மாற்றினால் குறையும். இதுதான் எங்கள் ஆய்வு. கேட்பவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி வாய் வலி.

வாங்க வேண்டியவை: பேட்டரி, ஓ.ஆர்.எஸ்., தொப்பி. அப்பாவுக்கு மாத்திரை.

சந்து முனையில் முதல் வீடு கஸ்தூரி அக்காவுடையது. காசிமேட்டில் மீன் எடுத்து டோல்கேட் பக்கம் விற்கிறவர். மற்றவர்கள் யோசித்தபோது, தெர்மாமீட்டரை முதலில் மாட்ட விட்டவர். வீட்டுக்கு முன்னால் சந்தில் பாதியை மறித்து ஒரு கொட்டகை. மேலே ஓலை, பின்பக்கம் தகரம், ரோட்டுப் பக்கம் திறப்பு. மருமகள் ரம்யா பகலெல்லாம் அதில்தான் படுக்கிறாள். எட்டாவது மாதம்.

"வூட்டுக்குள்ள பட்த்தா அவிஞ்சி பூடுவா. இங்கன்னா கொஞ்சம் கடல்காத்து வர்து."

ஐந்தாவது வீட்டுப் பஞ்சவர்ணம் அக்கா வாசலிலிருந்தே குரல் கொடுத்தார்: "காத்து அவ கொட்டாயோட நின்னுகினு கீது. எங்க வூட்டுக்கு இன்னா வர்து? பேஜாருதான் வர்து."

இரண்டு பேர் சொல்வதும் சரி. இரண்டையும் குறித்துக்கொண்டேன்.

மே 8, வெள்ளி

வரைபடம் முடிந்தது. கழுத்து வலி.

கணக்குப்படி சந்து முனை திறந்தால் காற்று பத்தாவது வீடுவரை போகும். தடை ஒன்றே ஒன்று. அக்காவின் கொட்டகை. எங்கள் ஆய்வுக் குழுத் தலைவர் பின்னால் நின்று பார்த்தார். "சிவப்புல கட்டம் போடும்மா. பார்த்த உடனே பிரச்சினை தெரியணும்."

போட்டேன்.

"ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு குடோன் சுவர் இருக்கு சார். கடலையே மறைக்குது."

"நம்ம எல்லை ரோட்டோட முடியுது. அதைத் தொட்டா ஆறு மாசம் இழுக்கும்."

விட்டேன். மாலையில் வார்டு ஆபீசுக்கு அனுப்பியாகிவிட்டது. எல்லாருக்கும் பிரியாணி. இரண்டு தட்டு சாப்பிட்டேன். நல்ல வேலை செய்த சந்தோஷம்.

மே 19, செவ்வாய்

காற்றே இல்லை. புழுக்கம்.

பதினொரு மணிக்குக் கஸ்தூரி அக்கா போன். "இன்னாம்மா, கொட்டாயி மேல நோட்டீஸ் ஒட்டிகினு போய்கீறானுங்கோ. நீ படிச்சவ, வந்து இன்னான்னு சொல்லு."

போனேன். ஏழு நாளில் அகற்ற வேண்டும், தவறினால் அவர்களே அகற்றுவார்கள். கூடவே ஒரு தாள். என் வரைபடம். ஜெராக்ஸில் சிவப்பு கறுப்பாகியிருந்தது.

வாய்விட்டு வாசித்தேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி. ரம்யா எழுந்து உட்கார்ந்து கேட்டாள். அக்கா அந்தத் தாளைக் காட்டி, "இத்த எவம்மா வரைஞ்சான்?" என்றார்.

"தெரியலக்கா. விசாரிக்கிறேன்."

அப்படித்தான் சொன்னேன். எழுதி வைக்கிறேன், பிறகு மறந்துபோகக் கூடாது.

பஞ்சவர்ணம் அக்கா வழியில் நிறுத்தி இரண்டு முறுக்கு கொடுத்தார். நன்றியாம். சாப்பிடவில்லை. பை முழுக்கத் தூள்.

மே 20, புதன்

ஆபீசில் உட்கார முடியவில்லை. ஐந்து முறை தண்ணீர் குடிக்க எழுந்தேன். தலைவரிடம் கேட்டேன். "நாம ஆராய்ச்சி பண்ணோம். முடிவு எடுத்தது அவங்க."

அவங்க முடிவு எடுத்தது என் படத்தை வைத்து.

அம்மா: "ஏன் சோத்தப் பெசஞ்சிட்டே இருக்க?" மாத்திரை வாங்க மறந்ததற்கு அப்பாவிடம் திட்டு.

மே 21, வியாழன்

மதியம் பன்னிரண்டு. காற்று அளக்கும் கருவியுடன் குடோன் சுவருக்குப் போனேன். யாரும் சொல்லவில்லை, நானாக.

கடல் பக்கம் துப்பட்டா பறந்துபோய் முள்ளில் மாட்டியது. சுற்றி ரோட்டுப் பக்கம் வந்தால் கருவியின் விசிறி சுற்றலாமா என்று யோசிக்கிறது. வர வேண்டிய காற்றில் பெரும்பகுதியைச் சுவரே தின்றுவிடுகிறது. மிஞ்சியதைத்தான் கொட்டகை மறிக்கிறது. நான் சிவப்புக் கட்டம் போட்டது அந்த மிச்சத்தை மறிப்பதற்கு மட்டும்.

வாட்ச்மேன்: "இன்னா மேடம், செவுத்த அளக்குறீங்க? வாங்கப் போறீங்களா?"

அங்கிருந்து நேராக அக்கா வீடு. கூடையைக் கழுவிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். "அக்கா, அந்தப் படம் நான் வரைஞ்சது."

கை நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கு படிச்சி சொல்லச் சொல்ல வாயில இன்னா வச்சிகினு இருந்த?"

"பயந்துட்டேன்கா."

"நீ பயந்த. புள்ளத்தாச்சி எங்க பட்ப்பா? உன் வூட்லயா?"

அக்கா உள்ளே போய்த் தெர்மாமீட்டரைக் கழற்றி வந்து என் கையில் வைத்தார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

கிளம்பவில்லை. சுவரைப் பற்றிச் சொன்னேன். கொட்டகை முழுவதும் போக வேண்டியதில்லை, பின்பக்கத் தகரம் போய் மூங்கில் தட்டி வந்தாலே காற்று ஊடே போகும் என்றேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரம்யாதான், "தட்டின்னா உள்ள தெரியாதுல்ல?" என்று கேட்டாள்.

மே 22, வெள்ளி

வார்டு ஆபீஸ். ஒன்றரை மணி நேரம் பெஞ்சில். பக்கத்தில் அக்கா. காலையில் போன் போட்டுச் சொன்னேன், நோட்டீஸை மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

கடிதம் கொடுத்தேன்: என் வரைபடம் முழுமையானதல்ல, குடோன் சுவரை விட்டுவிட்டேன், அதைச் சேர்க்காமல் கொட்டகையை அகற்றுவது சரியல்ல. கீழே என் பெயர் மட்டும்.

இன்ஜினியர் அம்மா இரண்டு தடவை படித்தார். "இதை முதல்லயே குடுத்திருக்கக் கூடாதா?"

"குடுத்திருக்கணும் மேடம்."

பின்பக்கத் தகரத்தை எடுத்தால் நோட்டீஸை நிறுத்தி வைப்பதாக எழுதிக் கொடுத்தார். சுவருக்கு? "அது பெரிய இடம். மேல எழுதிப் பார்க்கிறேன்."

ஆபீஸ் திரும்பியதும் தலைவர்: "தனியா கையெழுத்துப் போட உனக்கு யார் அதிகாரம் குடுத்தா? திங்கள்லேருந்து நீ அந்தச் சந்துக்குப் போக வேண்டாம்."

லிஃப்டில் போகாமல் படியில் இறங்கினேன்.

மே 26, செவ்வாய்

லீவ் சொல்லிவிட்டுச் சந்துக்குப் போனேன்.

அக்காவின் மகன் நேற்றே தகரத்தைப் பிரித்துத் தட்டி கட்டிவிட்டார். ரம்யா உள்ளே தூங்குகிறாள், வாய் திறந்தபடி. பன்னிரண்டு மணிக்குக் காற்று வந்தது. முதல் வீடு. இரண்டாவது. மூன்றாவது வீட்டுக் கொடியில் லுங்கி ஆடியது. நான்காவதில் லேசாக. அதோடு சரி.

பஞ்சவர்ணம் அக்கா இடுப்பில் கைவைத்து நின்றார். "நாலாவது வூட்டுக்கு வந்துச்சி. அஞ்சாவது வூடு இன்னா பாவம் பண்ணுச்சி?"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் கை காட்டினேன். பஞ்சவர்ணம் அக்கா இந்தச் சந்தில் பதினேழு வருஷமாகக் குடியிருக்கிறார். அந்தச் சுவரை இன்றுதான் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அத்த எவன் கட்னான்?"

"எவனோ கட்னான்," என்றார் கஸ்தூரி அக்கா, கொட்டகைக்குள்ளிருந்து. நோட்டீஸ் வந்த நாளிலிருந்து இருவரும் பேசிக்கொள்ளவில்லை. "வர்றியா, போய்க் கேப்போம்?"

பஞ்சவர்ணம் அக்கா செருப்பைத் தேடினார். என்னை யாரும் கூப்பிடவில்லை. கருவியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள், ஒன்றும் நிற்கிற மாதிரி இல்லை. கஸ்தூரி அக்கா ரோட்டில் இறங்கிக் கையை நீட்டினார். முதல் லாரி நின்றது.