நடுவில் உட்கார்ந்திருக்கும் பெண்

குமாசி
3 மார்ச் 1986

அன்புள்ள மன்சா அக்காவுக்கு,

நலமா? நீ கொடுத்தனுப்பிய புகைமீன் வந்து சேர்ந்தது. பக்கத்து அறை ஆசிரியைகள் வாசனை பிடித்து வந்துவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது இரண்டே துண்டு. கூடவே இரண்டு வரி எழுதினால் கை தேய்ந்தா போகும்?

பள்ளிக்கூடம் விட்டதும் படம்தான் வரைகிறேன். முழுக்கக் கரி. கட்டில் விரிப்பு அளவுக்குக் காகிதம். கப்பல் வரும்வரை நம் கடற்கரைக் கோட்டைக்குள் அடைத்து வைத்த அடிமைகள், நாற்பது பேர், கால் நீட்ட இடமில்லாமல். வாசலில் சாவியோடு ஒரு வெள்ளைக்காரன். மே மாதம் கேப் கோஸ்ட் கண்காட்சியில் வைக்கிறார்கள்.

நடுவில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு உன் முகம் வந்துவிட்டது. வேண்டுமென்று செய்யவில்லை. நம் பெரிய வீட்டில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தோம். வலியைத் தாங்குகிற முகம் என்று நினைத்தாலே எனக்கு நீதான் வருகிறாய்.

போன வாரம் குவெசி மாமா வந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "சரியான ஆளத்தான் புடிச்சு உக்கார வச்சிருக்கே" என்று சிரித்தார். மாமா வாயிலிருந்து பாராட்டு! எனக்குத் தலைகால் புரியவில்லை.

உன் தங்கை
எகுவா

அனோமாபு
17 மார்ச் 1986

எகுவா,

மாமா சிரித்தது பாராட்டி அல்ல. உனக்கு உண்மையிலேயே தெரியாதா? தெரியாது என்றே நம்பப் பார்க்கிறேன்.

என் பாட்டியின் அம்மா அந்த வீட்டில் பிறந்தவள் இல்லை. சலாகா அடிமைச் சந்தையில் வாங்கி, வடக்கிலிருந்து நடத்தியே கூட்டி வந்தவள். வாங்கியது உன் பாட்டியின் அம்மா. ஒருவருடைய பூர்வீகத்தை வாய்விட்டுச் சொல்வது நம்மிடம் பெருங்குற்றம் என்பதால் யாரும் சொல்ல மாட்டார்கள். தொண்டையைச் செருமுவார்கள், அவ்வளவுதான். என் அம்மாவின் சாவுக்குக் குடும்பத்தார் உட்கார்ந்த வரிசையில் எனக்கு இடம் விடவில்லை. வெயிலில் நின்றேன். நீ ஓடி வந்து குடை பிடித்தாய். ஏன் நிற்கிறாய் என்று கேட்டாயா?

ஊர் திரும்பிய மாமா குடும்பக் கூட்டத்தில், "நான் ஒண்ணும் சொல்லலப்பா, படமே சொல்லுது. எகுவா படிச்ச பொண்ணு, தெரியாமலா வரைவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் நாள், நான் பிறந்ததிலிருந்து இருக்கிற அறையை மருமகன் ஒருவனுக்குக் காலி செய்யச் சொன்னார்கள்.

"எந்த உரிமையில கேக்கறீங்க?" என்றேன்.

"அத எங்க வாயால சொல்ல வைக்காத" என்றார் மாமா.

கரிதானே. என் முகத்தை அழித்துவிடு.

மன்சா

குமாசி
25 மார்ச் 1986

அக்கா,

எனக்குத் தெரியாது. அம்மா மேல் ஆணையாகத் தெரியாது. ஆனால் குடை பிடித்தேனே தவிர ஏன் என்று கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்கு வசதியாக இருந்திருக்கிறது.

அன்றே, கரியை அழிக்க வைத்திருக்கும் ரொட்டியை உருட்டி முகத்தைத் தேய்த்து எடுத்தேன். காகிதம் கரியைக் குடித்துவிட்டது, சாம்பல் நிறத்தில் கறை நிற்கிறது. அதன்மேல் வேறு முகம் வரையக் கை ஓடவில்லை.

கோட்டைக்குள் போனவர்களையே வரைந்துகொண்டிருந்தேன், நம் வீட்டுக்குள் வந்தவளை மறந்துவிட்டு. இப்போது வாசலில் அந்த வெள்ளைக்காரனுக்குப் பக்கத்தில் நம்மூர்ப் பெண் ஒருத்தி நிற்கிறாள். கையில், நடுவில் இருப்பவளைக் கட்டிய கயிற்றின் நுனி. அவளுக்கு என் முகம்.

உன்னை அனுப்பினால் நானும் அந்த வீட்டில் கால் வைக்க மாட்டேன் என்று மாமாவுக்கு எழுதிவிட்டேன். பதில் இல்லை. உன்னிடமிருந்தாவது ஒரு வரி வருமா?

எகுவா

அனோமாபு
2 ஜூன் 1986

எகுவாவுக்கு,

அதற்குப் பிறகு நீ எழுதிய மூன்று கடிதங்களும் கிடைத்தன. பதில் எழுத மனம் வரவில்லை.

கண்காட்சியின் கடைசி நாள், யாரிடமும் சொல்லாமல் கேப் கோஸ்ட் போனேன். மீன் வாடையோடு உள்ளே விடுவார்களோ என்று பயம். விட்டார்கள். உன் படத்துக்கு முன்னால் ஒரே கூட்டம். ஒரு அம்மாள் பக்கத்தில் இருந்தவளிடம், "எல்லாருக்கும் மூஞ்சி இருக்கு, நடுவுல இருக்கறவளுக்கு மட்டும் வரைய மறந்துட்டாங்களா?" என்றாள்.

பேசாமல் இருந்திருக்கலாம். "மறக்கல. அவ எங்க பாட்டியோட அம்மா. மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு யாருக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டேன். இத்தனை வருஷம் விழுங்கி வைத்திருந்தது எகுவா, அத்தனை பேர் நடுவில் வந்துவிட்டது.

அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேரு என்னம்மா?" என்றாள். வாங்கியவர்கள் வைத்த பெயர் தெரியும். அவள் அம்மா என்ன சொல்லிக் கூப்பிட்டாளோ! அப்போதுதான் அழுதேன்.

படத்தில் வாசலில் நின்ற உன்னையும் பார்த்தேன். கோபம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் நீ நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்கிறாய், தலை குனியவும் இல்லை. அந்தக் கறையின் மேல் இனி யார் முகத்தையும் வரையாதே.

நான் வீட்டை விட்டு வந்து மூன்று வாரமாகிறது. அவர்கள் என் சாமானை வெளியே போடும்வரை காத்திருக்கவில்லை. இப்போது கடற்கரையோரம் ஒரே அறை, மழைக்கு ஒழுகுகிறது. விடுமுறைக்கு வந்தால் மீன் சந்தையில் இறங்கி, மன்சா வீடு எது என்று கேள். காட்டுவார்கள். முதல் தடவை அப்படி யாரோ சொன்னபோது, யார் வீட்டைச் சொல்கிறார்கள் என்று நானே திரும்பிப் பார்த்தேன்.

அக்கா
மன்சா